நீலப் புள்ளி வைத்த இருபது சென்

ரவாங்,
6 செப்டம்பர் 2025

அண்ணாவுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க மனம் வரவில்லை. நேராகவே கேட்கிறேன். மெர்டேக்கா சுதந்திர நாளன்று வீட்டுக்கு வந்தாயே, அப்போது சாமி மேடைத் தட்டில் இருந்த சில்லறையை எடுத்துக்கொண்டு போனாயா, இல்லையா?

போனில் கேட்டிருப்பேன். ஆனால் டாக்டர் என் பிரஷரைப் பார்த்து முகம் சுளித்து, பிள்ளை பிறக்கும்வரை படுக்கையை விட்டு எழக் கூடாது என்று சொன்ன அன்றே வீட்டுக்காரர் என் கைபேசியை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். பள்ளிக்கூட டீச்சர்கள் வாட்ஸ்அப் குழுவைப் பார்த்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கிறதாம். அவருடைய போனில் உன்னோடு பேசலாம்தான். பேசினால் கத்துவேன். கத்தினால் மறுபடியும் கையில் பட்டையைச் சுற்றி அமுக்கிப் பார்ப்பார்கள். அதனால்தான் தாளும் பேனாவும். பெட்டாலிங் ஜெயாவில் நீ பார்த்துக்கொள்ளும், காசு போட்டுத் துணி துவைக்கும் டோபி கடை அவருடைய தொழிற்சாலைக்குப் பின்னால்தானே இருக்கிறது? அங்கே கொண்டுவந்து உன் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். படிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறார்.

முதல் ஸ்கேனில் பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பு கேட்டது என்று சொன்னதும் நீ ஓர் இருபது சென் கொண்டுவந்து கொடுத்தாய், நினைவிருக்கிறதா? வெள்ளை நிறத்துப் பழைய காசு, ஒரு பக்கம் பார்லிமென்ட் கட்டடமும் பிறையும். "இது எம்பத்தெட்டு மா, உன் வயசுக் காசு. பேங்க் பாக்கெட்டுல மாட்டுச்சு" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தாய். அதைத்தான் மஞ்சள் துணியில் முடிந்து அம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் அதைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து இதே காசை உண்டியலில் போடுகிறேன் என்று.

நேற்று வெள்ளிக்கிழமை. அத்தையிடம் முடிச்சைக் கேட்டேன். துணி அழுக்காக இருக்கிறதென்று போன வாரம் அவிழ்த்து அலசி, மஞ்சளில் நனைத்துக் காயப்போட்டார்களாம். காசைத் தட்டில் வைத்தார்களாம். தட்டில் இப்போது உன்னுடைய பத்து வெள்ளி நோட்டு மட்டும் இருக்கிறது. காசு எங்கே அண்ணா?

மலர்


கிள்ளான்,
8 செப்டம்பர் 2025

அன்புத் தங்கை மலருக்கு,

எடுத்தேன். ஆமாம், நான்தான் எடுத்தேன். குகன் கடிதத்தை நீட்டியபோது மனுஷன் ஏதோ சந்தோஷச் செய்திதான் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்துத் துணி உலர்த்தும் இயந்திரத்தின் மேல் உட்கார்ந்து பிரித்தேன். படித்த பிறகு இறங்க முடியவில்லை.

என் புத்தி உனக்குத் தெரியாததா? யார் வீட்டுக்குப் போனாலும் நோட்டைக் கொடுத்துச் சில்லறையை வாங்கி வருவேன். வங்கியில் பாக்கெட் பாக்கெட்டாக வாங்குவேன். டோபி இயந்திரத்தின் வயிற்றைத் திறந்தால் அதையும் விட மாட்டேன். எழுபத்தொன்றாம் வருஷத்துப் பத்து சென் ஒன்று, அச்சுப் பிசகிய காசு ஒன்று, அப்படி ஏதாவது அகப்படாதா என்று பத்து வருஷமாகப் பார்க்கிறேன். ஆனால் சாமி தட்டில் நானாகக் கை வைக்கவில்லை. உன் மாமியாரிடம் வழக்கம்போலச் "சில்லறை ஏதும் இருக்கா?" என்றுதான் கேட்டேன். அவர்களே தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "எல்லாத்தையும் கொண்டு போ தம்பி" என்று என் பையில் கொட்டினார்கள். முன்பெல்லாம் அந்தத் தட்டுப் பக்கமே என்னை விட மாட்டார்கள். இன்றைக்கு ஏதோ நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மஞ்சளும் குங்குமமும் ஒட்டியிருந்ததால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். எண்பத்தெட்டு இருபது சென் ஒன்று இருந்தது நினைவில் இருக்கிறது. அது நான் கொடுத்த காசு என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை, மலர். அந்த வருஷத்துக் காசு சர்வசாதாரணம், விலை கிடையாது. உன் வயசு என்பதால் மட்டும்தான் அன்றைக்கு எடுத்து வைத்தேன். பார்த்து முடித்ததும் எல்லாக் காசுக்கும் செய்வதுபோல அதன் ஓரத்திலும் நீல மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து வெளியே போகும் டப்பாவில் போட்டுவிட்டேன்.

அந்தப் புள்ளி எதற்கு என்று நீ கேட்டதில்லை. கிள்ளானில் நான் விட்ட காசு பிரிக்ஃபீல்ட்ஸில் என் கைக்கே திரும்பி வரும். புள்ளி இருந்தால் ஏற்கெனவே பார்த்தது, மறுபடியும் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அவ்வளவுதான். அந்த டப்பா காலியாகி ஒரு வாரம் ஆகிறது. காப்பார் மளிகைக் கடை, பிரிக்ஃபீல்ட்ஸ் பூக்கடை, ஒன்றிரண்டு சாப்பாட்டுக் கடை, சில்லறை கேட்டவர்களுக்கெல்லாம் மாற்றிக் கொடுத்தேன்.

கண்டுபிடிக்கிறேன். உனக்குக் கொடுப்பதற்கு முன் அந்தக் காசைப் போட்டோ எடுத்திருந்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். பிறைக்கு நேர் மேலே விளிம்பில் ஒரு வெட்டு இருக்கிறது. யாரோ எதிலோ செருகி நெம்பியிருக்கிறார்கள். அந்த வெட்டும் நீலப் புள்ளியும் சேர்ந்த காசு இந்த ஊரில் ஒன்றுதான் இருக்க முடியும். நீ கவலைப்படாமல் படுத்திரு.

லோகன்


ரவாங்,
11 செப்டம்பர் 2025

அண்ணாவுக்கு,

கவலைப்படாமல் படுத்திரு என்று எழுதுவதற்கு உனக்கு எப்படிக் கை வந்தது? எனக்குக் கவலைப்படுவதைத் தவிர வேறு வேலை ஏது? கூரையில் சுற்றும் காற்றாடியைப் பார்த்துக்கொண்டு, உள்ளே அது அசைகிறதா என்று கையை வைத்துக்கொண்டே கிடக்கிறேன். அசைந்தால் ஒரு நிம்மதி. கொஞ்ச நேரம் அசையாவிட்டால் அத்தையைக் கூப்பிடுகிறேன். அத்தை ஓடி வந்து குளிர்ந்த தண்ணீர் கொடுக்கிறார்கள். குடித்ததும் ஓர் உதை விழும். பிறகு மறுபடியும் காத்திருக்க வேண்டியதுதான்.

இந்தப் பழியில் அத்தையை இழுக்காதே. பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் ஜன்னலை உடைத்துவிட்டு, டீச்சர்தான் பந்தைக் கொடுத்தார் என்று சொல்வானே, அப்படி இருக்கிறது. தட்டை நீட்டினால் என்ன? அதில் கிடந்தது உனக்குத் தெரியாத காசா? ஊரான் காசில் இருக்கும் தூசியெல்லாம் கண்ணாடி வைத்துப் பார்ப்பவன், தங்கச்சி கையில் வைத்துக் கொடுத்த காசை அடையாளம் தெரியாமல் விட்டிருக்கிறாய். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

முதல் இரண்டு முறையும் இப்படித்தான் முடிந்து வைத்தேன். இரண்டும் தங்கவில்லை. அந்த இரண்டு காசும் இன்னும் சாமி மேடைக்கு அடியில் டப்பாவில் கிடக்கின்றன, உண்டியலுக்கும் போகாமல், செலவுக்கும் ஆகாமல். அப்போதாவது முடிச்சு முடிச்சாக இருந்தது. இந்த முறை அதுவும் இல்லை. அவர் சொல்கிறார், "அது வெறும் காசு தான் லா மலர், வேற ஒண்ணு முடிஞ்சுக்கலாம்" என்று. அவருக்குப் புரியவில்லை. இந்தக் காசைக் கொண்டு வருகிறேன் என்று நான் சொன்ன வார்த்தை சொன்னதுதான். அது எங்கேயோ ஒரு கடைக் கல்லாவில் மீன் வாடையோடு கிடக்க, வேறு ஒன்றை எடுத்து நீட்டினால் அம்மன் என்ன நினைப்பாள்?

காசு கிடைக்காமல் இந்த வீட்டுப் படி ஏறாதே. கோபத்தில் சொல்லவில்லை. உன்னைப் பார்த்தால் எனக்குப் பிரஷர் ஏறும், அதனால்தான்.

மலர்


கிள்ளான்,
16 செப்டம்பர் 2025

மலருக்கு,

இன்று மலேசியா தினம், வங்கி கிடையாது. அதனால் எழுத நேரம் கிடைத்தது. நான் அடையாளம் தெரியாமல் விட்டேன் என்று எழுதியிருந்தாய். ஒப்புக்கொள்கிறேன்.

நான் எப்படித் தேடுகிறேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய். சிரித்தால் நல்லதுதான். காப்பார் மளிகைக் கடைக்குப் போய்க் கல்லாவில் இருந்த இருபது சென் முழுவதையும் கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாஸ், போன வாரம் நீங்கதான குடுத்தீங்க? இப்ப நீங்களே திருப்பிக் கேக்குறீங்க?" என்றார். காசில் ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்பட்டு முதலில் தானே ஒரு பிடி எடுத்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டார். அதன் பிறகுதான் கொடுத்தார். அதில் இல்லை.

பிரிக்ஃபீல்ட்ஸில் பூ விற்கிற பஞ்சவர்ணம் அக்காவிடம் போனேன். "அக்கா, நீலப் புள்ளி வெச்ச காசு ஏதாச்சும் இருக்கா?" என்றதும் கட்டிக்கொண்டிருந்த மாலையைக் கீழே போட்டுவிட்டார். "அட, காசுக்குப் பொட்டு வெக்கிற பைத்தியம் நீதானா? நான் ஏதோ சீனக் கோயில்ல பூஜை பண்ண காசுன்னுல்ல தனியா எடுத்து வெச்சிருக்கேன்!" என்று ஒரு பழைய மைலோ டின்னை எடுத்து வைத்தார். உள்ளே முழுக்க முழுக்க என் புள்ளிகள். எத்தனையோ மாதங்களாகச் சேர்த்திருக்கிறார். சாமந்தி மூட்டைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கொட்டிப் பார்த்தேன். எண்பத்தெட்டு ஒரு கைப்பிடி இருந்தது. ஒன்றிலும் அந்த வெட்டு இல்லை.

வங்கியில் கவுண்டர் பெண்ணுக்கு என்னைப் பார்த்தாலே சிரிப்பு வருகிறது. "சிலிங் லாகி, அங்கிள்?" என்கிறாள். இன்னும் சில்லறையா என்று. ஆமாம் மகளே, இன்னும் சில்லறைதான்.

ஒன்று உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும், வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. புள்ளி இருந்தால் பார்க்காதே என்று என் கண்ணை நானே பழக்கி வைத்திருக்கிறேன். உன் முதல் கடிதம் வருவதற்கு முன், அந்த வாரத்திலேயே, புள்ளி வைத்த வெள்ளைக் காசு இரண்டோ மூன்றோ என் கைக்குத் திரும்பி வந்தது. திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்படியே டப்பாவில் தள்ளினேன், டப்பா மறுபடியும் வெளியே போய்விட்டது. அதில் ஒன்று உன்னுடையதாக இருந்திருந்தால்? சோற்றைக் கையில் எடுத்தால் இந்த நினைப்பு வருகிறது. இப்போதெல்லாம் கடைகளில் பாதிப் பேர் போனைக் காட்டிப் பணம் கட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். காசு கைமாறினால்தானே என்னிடம் வரும்? எங்கேயாவது ஒரு காரின் சாம்பல் கிண்ணத்தில் விழுந்திருந்தால் அது வருஷக்கணக்கில் வெளியே வராது.

உனக்குத் தைரியம் சொல்ல உட்கார்ந்தேன். எழுதி முடித்துப் பார்த்தால் என் பயத்தைத்தான் உன் தலையில் கட்டியிருக்கிறேன். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடு.

லோகன்


ரவாங்,
20 செப்டம்பர் 2025

அண்ணாவுக்கு,

பூக்கார அக்கா கதையைப் படித்துச் சிரித்தேன். வீட்டுக்காரர் ஓடிவந்து என்ன என்ன என்றார். இந்த அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாகிவிட்டது.

பிறைக்கு மேலே வெட்டு என்று நீ எழுதியிருந்தாயே. எனக்கும் அந்த வெட்டு தெரியும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டு துணிக்கு மேலேயே விரலால் தடவுவேன். ஓர் இடத்தில் நகம் மாட்டும். அங்கே விரலை வைத்துக்கொண்டுதான் வேண்டிக்கொள்வேன். எதனால் மாட்டுகிறது என்று அவிழ்த்துப் பார்த்ததில்லை.

நேற்று கிளினிக்கில் பிரஷர் இன்னும் ஏறியிருந்தது. கால் வீங்கியிருக்கிறது. டாக்டர் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் அவரை வெளியே கூட்டிக்கொண்டு போய்ப் பேசினார். வெளியே கூட்டிக்கொண்டு போய்ப் பேசினால் நல்ல செய்தி இல்லை என்று எந்த நோயாளிக்குத்தான் தெரியாது? வரும்போது இரண்டு பேருமே சிரித்த முகமாக வந்தார்கள். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

அத்தையும் சரியில்லை. செவ்வாயும் வெள்ளியும் பட்டினி கிடக்கிறார்கள். எனக்காக விரதமாம். நான் முடிச்சைப் பற்றிப் பேச்செடுத்தால் அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று எழுந்து போய்விடுகிறார்கள். அவர்களையும் நான் வாட்டுகிறேன் போலிருக்கிறது.

ஒன்று யோசித்தேன். பூக்கடைக் காசு என்றால் அர்ச்சனைக்குப் பூ வாங்க வந்தவர் கைக்குத்தானே போயிருக்கும்? அவர் அதை அங்கேயே உண்டியலில் போட்டிருக்கலாம் இல்லையா? அப்படியானால் நான் கொண்டுபோவதற்கு முன்பே காசு போய்ச் சேர்ந்துவிட்டதா, அல்லது யாரோ ஒருவர் கணக்கில் போய்விட்டதா? இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டே கிடந்தால் பிரஷர் எப்படி இறங்கும்?

கிடைத்துவிடும் என்று ஒரு வார்த்தை எழுது. பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை.

மலர்


கிள்ளான்,
24 செப்டம்பர் 2025

மலருக்கு,

இந்தக் கடிதத்தை எழுதலாமா கூடாதா என்று நேற்று முழுக்க யோசித்தேன். எழுதித்தான் ஆக வேண்டும்.

சனிக்கிழமை உன் கடிதத்தோடு குகன் டோபி கடைக்கு வந்தார். இயந்திரங்கள் ஓடுகிற சத்தத்தில் அவர் சொன்னது முதலில் கேட்கவில்லை. பக்கத்தில் வந்து, "மச்சான், அவளுக்கு நேத்து ரொம்ப ஏறிடுச்சு. இனிமே ஏறுனா அட்மிட் பண்ணிடுவாங்களாம். நீங்க ஏதாச்சும் ஒரு எம்பத்தெட்டு குடுங்களேன். கிடைச்சிருச்சுன்னு நான் சொல்லிக்கிறேன். அவ கொஞ்சம் தூங்கட்டும்" என்றார். சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரைத் தப்பாக நினைக்காதே. உன்மேல் அவ்வளவு உயிர்.

சரி என்றேன். என்னிடம் எண்பத்தெட்டுக்கா பஞ்சம்? நல்லதாக ஒன்றை எடுத்தேன். போட்டோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிறைக்கு நேர் மேலே அரத்தால் ஒரு வெட்டு போட்டேன். புது வெட்டு பளபளவென்று இருந்தது. மண்ணில் தேய்த்து மங்கலாக்கினேன். நீலப் புள்ளி வைத்து அதைப் பாதி அழித்தேன். மஞ்சள் பூசி வெயிலில் வைத்தேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ போலிக் காசுகளைப் பார்த்து, இதைச் செய்தவன் கை விளங்காது என்று திட்டியிருக்கிறேன். என் வேலை அவர்கள் வேலையைவிட நன்றாக இருந்தது. நகம்கூட மாட்டியது.

கவரில் போட்டேன். ஒட்டவும் ஒட்டினேன். பிறகு பிரித்துவிட்டேன்.

முடியவில்லை, மலர். நீ அதை மஞ்சள் துணியில் முடிந்து, அந்த வெட்டில் விரலை வைத்து வேண்டிக்கொள்வாய். பிள்ளையை ஏந்திக்கொண்டு போய், சொன்னபடி கொண்டு வந்தேன் தாயே என்று போடுவாய். அதற்கப்புறம் பிள்ளைக்கு ஒரு தும்மல் வந்தாலும் நான் செய்த பொய்யால்தான் என்று எனக்குத் தோன்றும். அதை யாரிடமும் சொல்லவும் முடியாது. உன் காசைத் தொலைத்ததே எனக்குப் போதும். உன் வேண்டுதலையும் போலியாக்க என்னால் முடியாது.

பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு வார்த்தை எழுது என்றாய். மனதாரக் கேட்டாய், தெரியும். கிடைக்கவில்லை. கிடைக்குமா என்றும் தெரியவில்லை. தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

குகனிடம் ஒன்றும் சொல்லவில்லை. கவரை நீட்டியதும் காசு உள்ளே இருக்கிறது என்று நினைத்து என் தோளைத் தட்டிக் கொடுப்பார். உள்ளே தாள் மட்டும்தான் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

லோகன்


ரவாங்,
26 செப்டம்பர் 2025

அண்ணா,

நீ கொடுத்தனுப்பிய கவரோடு அவர் எப்படி வந்தார் தெரியுமா? செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "மலரு, உங்க அண்ணன் கண்டுபிடிச்சிட்டாரு!" என்று வாசலிலிருந்தே கத்தினார். அத்தை அடுக்களையிலிருந்து ஓடி வந்தார்கள். நான் கவரைக் கிழித்துக் காசு விழட்டும் என்று கையை ஏந்தினேன். தாள் விழுந்தது. இன்னும் உள்ளே இருக்கும் என்று கவரைத் தலைகீழாக உதறினேன், அண்ணா. அத்தை தரையில் குனிந்து தேடினார்கள்.

ஏன் சொன்னாய்? அனுப்பியிருக்கலாமே! நகம் மாட்டியது என்கிறாய், நான் நம்பியிருப்பேன். ஓர் இரவாவது தூங்கியிருப்பேன். இப்போது எனக்கு உண்மைக் காசும் இல்லை, பொய்க் காசும் இல்லை. உன் மனசு சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக என் மனசைக் கிழித்துப் போட்டிருக்கிறாய். உன் நேர்மையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அத்தை கடிதத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சுவரோரமாகப் போய் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை.

இனி எழுதாதே. தேடவும் தேடாதே. எனக்குத் தலை வலிக்கிறது, கண்ணில் பூச்சி பறக்கிறது.

மலர்


மருத்துவமனை, கீழ்த்தளம்
29 செப்டம்பர் 2025

மலர்,

எழுதாதே என்றாய். இது ஒன்றை மட்டும் பொறுத்துக்கொள்.

வங்கி வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது குகன் கூப்பிட்டார். கண்ணில் பூச்சி பறக்கிறது என்றதும் உன்னை நேரே இங்கே கொண்டு வந்துவிட்டார்களாம். பிள்ளையை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டியிருக்கும் என்கிறார்களாம். கையில் வாங்கிய பாக்கெட்டைக் கவுண்டரிலேயே விட்டுவிட்டு வந்தேன். அந்தப் பெண் பின்னால் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

மேலே வரவில்லை. என்னைப் பார்த்தால் உனக்கு ஏறும் என்று எழுதியிருந்தாய். அதனால் கீழே மருந்து வாங்கும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். குகன் மூன்று தடவை இறங்கி வந்து கூப்பிட்டுவிட்டார். எதிரே ஒருவர் டின் பானம் வாங்கும் இயந்திரத்தில் காசு போடுகிறார். மிச்சச் சில்லறை விழுகிற சத்தம் கேட்கிறது. எழுந்து பார்க்கத் தோன்றவில்லை. இப்படி ஆவது என் வாழ்நாளில் இதுதான் முதல் தடவை.

எனக்குப் பயமாக இருக்கிறது, மலர். உன்னிடம் அனுப்பியிருக்க வேண்டுமோ அந்தக் காசை? நீ தூங்கியிருப்பாயே. அம்மா போனபோது உனக்குப் பன்னிரண்டு வயது, பள்ளிக்கூடச் சீருடையோடு என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அன்றைக்கும் உனக்கு ஒரு பொய் சொல்ல எனக்குத் தெரியவில்லை. எல்லாரும் அம்மா சாமிகிட்டப் போயிருக்காங்க என்றார்கள், நான் செத்துட்டாங்க என்றேன். நீ என்னை அடித்தாய்.

இப்போதும் அடி. ஆனால் நல்லபடியாக வந்து அடி. காசும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். நீ வேண்டும்.

இந்தத் தாளைக் குகன் மேலே கொண்டு வருகிறார். உன்னிடம் கொடுப்பதா வேண்டாமா என்று அவரே முடிவு செய்யட்டும்.

லோகன்


மருத்துவமனை, மூன்றாம் மாடி
5 அக்டோபர் 2025

அண்ணா,

பெண் குழந்தை. அவர் உன்னிடம் சொல்லியிருப்பார். தாய்மாமன் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து அழுததையும் என்னிடம் சொல்லிவிட்டார். நேற்றுதான் பேனாவைப் பிடிக்க விட்டார்கள். பிரஷர் இறங்கிக்கொண்டிருக்கிறது. பிள்ளை சின்னஞ்சிறு கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறாள், மூக்கில் ஒரு குழாய். டாக்டர் இந்தத் தடவை அவரை வெளியே கூட்டிக்கொண்டு போகவில்லை. என் முகத்தைப் பார்த்தே, நன்றாக மூச்சு விடுகிறாள், எடை ஏறட்டும், வீட்டுக்குப் போகலாம் என்றார். நம்புகிறேன். நம்பப் பயமாகவும் இருக்கிறது.

உன்னிடம் சொல்ல வேண்டியது வேறு. என்னை ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அத்தை வண்டியைப் பிடித்துக்கொண்டார்கள். தாதி விடச் சொல்லியும் விடவில்லை. "நான்தாம்மா குடுத்தேன். தெரிஞ்சேதான் குடுத்தேன்" என்றார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "ரெண்டு தடவ முடிஞ்சோம், ரெண்டும் தங்கல. மூணாவது முடிச்சப் பாக்கப் பாக்க இதுவும் தங்காம போயிடுமோன்னு இருந்துச்சு. தூக்கிப் போடவும் பயம். உங்க அண்ணன் கொண்டாந்த காசு, அவனே கொண்டு போவட்டும்னு தட்டோட கொட்டிட்டேன். எம் பேரப்புள்ளைய விட்டுடச் சொல்லும்மா அம்மன்கிட்ட" என்று என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். பிறகு கதவு மூடிவிட்டது.

எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. நான் முடிச்சைப் பிடித்துக்கொண்டு பயந்தேன், அவர்கள் முடிச்சைப் பார்த்துப் பயந்திருக்கிறார்கள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு பேரும் இதைப் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் உன்மேல் பழி விழுந்தபோதும் வாயைத் திறக்காமல் இருந்தார்களே, அதற்கு மட்டும் கோபம் இருக்கிறது. வீட்டுக்குப் போனதும் சண்டை போடுவேன். இப்போது உடம்பில் தெம்பில்லை.

அவர்களே தட்டை நீட்டினார்கள் என்று நீ முதலிலேயே எழுதினாய். நான் உன்னை ஜன்னல் உடைத்த பையனாக்கினேன். உன்னைப் படியேற விடவில்லை. நான் செய்தது தப்பு, அண்ணா. மன்னித்துவிடு.

தேடுவதை நிறுத்து. அந்தக் காசு யார் கையிலாவது இருக்கட்டும், எதையாவது வாங்கட்டும். அம்மனிடம் நானே பிள்ளையைக் கொண்டுபோய், கொண்டு வருகிறேன் என்ற காசு கைநழுவிவிட்டது என்று உள்ளதை உள்ளபடி சொல்லிக்கொள்கிறேன். அவளும் ஒரு தாய்தானே, காது கொடுத்துக் கேட்பாள்.

நேற்று அத்தை பிள்ளைக்கு யார் சேனை வைப்பது என்று பேச்செடுத்தார்கள். நாக்கில் முதல் இனிப்பை யார் தடவுகிறார்களோ அவர்களுடைய குணம் பிள்ளைக்கு வரும் என்பார்களே. பாட்டி என்ற முறையில் அத்தையே வைக்கட்டும் என்றார் அவர். அத்தை தலையை ஆட்டி ஒரேயடியாக மறுத்துவிட்டார்கள். "நான் வேணாம். அவ மாமன் வெக்கட்டும். ஒரு பொய்க் காசக் குடுத்துட்டு நிம்மதியா இருந்திருக்கலாம், அதுகூட அவனுக்கு வரல. அந்தக் குணம் வரட்டும் எம் பேத்திக்கு" என்றார்கள். எதைச் சொல்லி நான் உன்னைத் திட்டினேனோ அதையே கேட்டு வாங்குகிறார்கள். நான் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினேன்.

இங்கே அதற்கெல்லாம் விட மாட்டார்கள். வீட்டுக்கு வந்தபிறகு, டாக்டர் சரி என்றபிறகுதான். ஆனால் நீ இன்றைக்கே மேலே ஏறி வா. கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிக்கொண்டு வா, உன் விரலில் எப்போது பார்த்தாலும் செம்பு வாடை. இரண்டாவது வரிசையில் கடைசிப் பெட்டி. பெயர் இன்னும் வைக்கவில்லை, அட்டையில் என் பெயரைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

மலர்